ஒரே ஹுக்கில் பலருடைய இபிபிஎஃப் புரோகிராம்கள்: டிசிஎக்ஸ் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள்) சின்ன புரோகிராம்களை ஏற்றி ஓட்டும் வசதியான இபிபிஎஃப் பாதுகாப்பானதா என்று யாராவது கேட்டால் உடனே அவற்றைச் சோதிக்கும் வெரிஃபையரைத்தான் காட்டுவார்கள். புரோகிராம் கெர்னலுக்குள் போவதற்கு முன்பே அதன் ஒவ்வொரு பாதையையும் நடந்து பார்த்துவிடும், தப்பான நினைவக அணுகல் இருக்காது, முடியாத லூப் இருக்காது, அவ்வளவுதான் கதை. சரி, அதெல்லாம் உண்மைதான். ஆனால் வெரிஃபையர் ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒரே ஹுக்கில், அதாவது புரோகிராம்கள் மாட்டப்படும் ஓரிடத்தில், மூன்று தரப்பின் மூன்று புரோகிராம்கள் நிற்கும்போது யார் முன்னால், யார் பின்னால், யாரை யார் கழற்றிவிடலாம் என்பது அதன் கவலையே இல்லை. என் அனுபவத்தில் தலைவலி முழுக்க வந்தது இந்த இடத்திலிருந்துதான்.

நாங்கள் நடத்தும் சர்வர்களில் ஒரே நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் உள்வரும் பக்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: எங்கள் ஃபயர்வால், ட்ராஃபிக் கணக்கெடுக்கும் ஒரு சின்ன புரோகிராம், அப்புறம் வெளியிலிருந்து வாங்கிய கண்காணிப்பு ஏஜென்ட் தானாகவே ஏற்றிக்கொள்ளும் புரோகிராம். லினக்ஸ் 6.6 கெர்னலுக்கு மாறியதிலிருந்து முதல் இரண்டையும் டிசிஎக்ஸில், அதாவது பாக்கெட் இன்டர்ஃபேஸில் வந்துபோகும் இடத்தில் புரோகிராம்களை வரிசையாக மாட்டும் புதிய முறையில், ஓட்டுகிறோம். ஏஜென்ட் ரொம்ப நாள் பழைய டிசி (ட்ராஃபிக் கன்ட்ரோல்) முறையிலேயே இருந்தது, பிறகுதான் மாறியது.

பழைய முறை எப்படி என்று தெரியாதவர்களுக்காக: கிளாஸ்ஆக்ட் என்ற கியூடிஸ்க்கை (ஃபில்டர்களை மாட்டுவதற்கான தாங்கி) இன்டர்ஃபேஸில் போட்டு, அதில் முன்னுரிமை எண்ணும் ஹேண்டிலும் (அடையாள எண்) கொடுத்து புரோகிராமை ஃபில்டராக மாட்ட வேண்டும். இதில் சொந்தக்காரர் என்ற எண்ணமே கிடையாது. இரண்டு கருவிகள் ஒரே முன்னுரிமையையும் ஒரே ஹேண்டிலையும் எடுத்துக்கொண்டால், பின்னால் வந்தவர் ரீப்ளேஸ் என்று சொன்ன நொடியில் முன்னால் இருந்தவர் சத்தமில்லாமல் காலி. அதைவிட மோசமானது எங்களுக்கு நடந்தது. ஏஜென்ட்டின் ஒரு புது பதிப்பு, தன்னை நிறுத்தும்போது "சுத்தம் செய்கிறேன்" என்று கிளாஸ்ஆக்ட் கியூடிஸ்க்கையே நீக்கிவிட்டது. அதோடு எங்கள் ஃபயர்வாலும் போய்விட்டது. லாகில் ஒரு வரி கிடையாது. ஃபயர்வால் பிராசஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் மேப்கள் (தரவு அட்டவணைகள்) இருக்கின்றன, ஹெல்த் செக் பச்சை காட்டுகிறது. பாக்கெட் மட்டும் அதன் வழியாக வரவில்லை. கதவில்லாத வீட்டுக்கு வாட்ச்மேன் மாதிரி.

இந்த மாதிரி மோதல்கள் பல இடங்களில் நடந்ததால்தான் கெர்னல் டெவலப்பர் டேனியல் போர்க்மன் எம்ப்ராக் என்ற பொது அடுக்கையும் அதன் மேல் டிசிஎக்ஸையும் எழுதி, 2023 அக்டோபரில் வெளியான 6.6 கெர்னலில் சேர்த்தார். ஒரு ஹுக்கில் 64 புரோகிராம்கள் வரை மாட்டலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் கடைசியில் போய் நிற்கும். பிஃபோர், ஆஃப்டர் என்று கொடி (ஃப்ளாக்) கொடுத்து, எந்த புரோகிராமுக்கு அல்லது எந்த லிங்க்குக்கு (புரோகிராமை ஹுக்கோடு இணைத்து வைக்கும் கெர்னல் பொருள்) முன்பு, பின்பு என்று சுட்டலாம். "எப்போதும் நான்தான் முதல்" என்று சொல்ல ஒரு கொடி கிடையாது. ஆரம்பத்தில் இது குறையாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் இல்லாததே நல்லது, ஏனென்றால் உலகத்தில் எந்த கருவியின் ஆசிரியரும் தன் புரோகிராம்தான் முதலில் ஓட வேண்டும் என்றுதான் நினைப்பார், அந்தக் கொடி இருந்தால் எல்லோரும் அதைப் போட்டுவிட்டு இரண்டாவதாக வருபவர் ஏற முடியாமல் நிற்பார்.

ஆனால் சுட்டாமல் வெறுமனே பிஃபோர் என்று போட்டால் அது வரிசையின் தலைக்குப் போகும். இரண்டு சர்வீஸ்கள் அப்படிச் செய்தால் கடைசியில் எழுந்தவர் முதலில் நிற்பார். அதாவது பூட் ஆகும்போது எந்த சர்வீஸ் சில மில்லிசெகண்ட் முந்தியதோ அதைப் பொறுத்து உங்கள் பாதுகாப்பு வரிசை மாறும். இதை எந்த டெஸ்டும் பிடிக்காது. எங்கள் தீர்வு எளிது: ஃபயர்வாலின் லிங்க் பிபிஎஃப் ஃபைல்சிஸ்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாதையில் பின் செய்யப்பட்டிருக்கும் (ஒரு ஃபைலாகப் பதித்து வைக்கப்பட்டிருக்கும்), கணக்கெடுப்பு புரோகிராம் "அந்த லிங்க்குக்குப் பின்" என்று சுட்டித்தான் ஏறும். ஃபயர்வால் இல்லையென்றால் ஏறாது, பிழை வரும், சர்வீஸ் காத்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரிவிஷன் எண். ஹுக்கில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால், புரோகிராம்களின் ஐடி, லிங்க்குகளின் ஐடி, இவற்றோடு ஒரு ரிவிஷன் எண்ணும் வரும். வரிசையில் ஏதாவது மாறினால் அந்த எண்ணும் மாறும். நீங்கள் மாட்டும்போது "நான் பார்த்தது இந்த ரிவிஷன்" என்று கூடவே கொடுக்கலாம். இடையில் வேறு யாராவது புகுந்திருந்தால் கெர்னல் ஈஸ்டேல் (நீங்கள் பார்த்தது பழையது) என்ற பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். இதை வைத்து லூப் எழுதும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: ஈஸ்டேல் வந்தவுடன் புது எண்ணை எடுத்துக்கொண்டு கண்ணை மூடி மறுபடி முயல்வதில் பிரயோஜனமே இல்லை. பட்டியலை மறுபடி படித்து, யார் புதிதாக வந்திருக்கிறார்கள், நம் இடம் இன்னும் சரிதானா என்று பார்த்த பிறகுதான் முயல வேண்டும். நான் பார்த்த சோர்ஸ் கோடுகளில் பாதி இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை.

மாற்றம் நடக்கும் நேரத்தில் பாக்கெட் என்ன ஆகும் என்ற பயம் முதலில் இருந்தது. உள்ளே இரண்டு வரிசைகள் வைத்திருக்கிறார்கள். ஓடாமல் இருக்கும் வரிசையில் மாற்றத்தைச் செய்துவிட்டு சுட்டியை மாற்றுகிறார்கள். பழைய வரிசையில் இருப்பவர்கள் வெளியேறும் வரை கெர்னலின் ஆர்சியு என்ற காத்திருப்பு முறை பார்த்துக்கொள்கிறது. ஒரு பாக்கெட் பழைய வரிசையை முழுதாகப் பார்க்கும், இல்லையென்றால் புதியதை முழுதாகப் பார்க்கும். பாதி அரைகுறை கிடையாது.

அடுத்து, சொந்தக்காரர் பிரச்சினை. லிங்க் வழியாக மாட்டினால், வேறொரு கருவி வழக்கமான டிடாச் அழைப்பால் அதைக் கழற்ற முடியாது, ஈபிஸி (வேறொருவர் பிடியில் இருக்கிறது) என்ற பிழை வரும். ரூட் அதிகாரத்தோடு லிங்க் ஐடியைத் தேடிப்பிடித்து வேண்டுமென்றே கழற்றினால் கழற்றலாம்தான். இது தற்செயலான விபத்துக்கான பாதுகாப்பு, எதிரிக்கானது இல்லை. எங்களுக்கு நடந்தது விபத்துதான், அதனால் இதுவே போதும். பதிப்பு மாற்றுவதும் சுகம்: லிங்க் அப்டேட் செய்தால் வரிசையில் இடம் மாறாமல், இடைவெளியே இல்லாமல் உள்ளே இருக்கும் புரோகிராம் மட்டும் மாறும். பின் செய்த மேப்களை மறுபடி பயன்படுத்தினால் கனெக்ஷன் அட்டவணையும் அப்படியே இருக்கும்.

பின் செய்த லிங்க்கில் ஒரு பொறி இருக்கிறது. விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் அழிந்து அதே பெயரில் மறுபடி உருவானால், பின் ஃபைல் அப்படியே இருக்கும், லிங்க் செத்திருக்கும். "ஃபைல் இருக்கிறது, அப்படியானால் மாட்டியிருக்கிறது" என்று நம்பும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஏமாந்துவிடும். லிங்க்கின் தகவலைக் கேட்டால் இன்டர்ஃபேஸ் எண் 0 என்று வரும், அப்டேட் செய்தால் ஈநோலிங்க் (இணைப்பு இல்லை) என்ற பிழை வரும். இதில் ஏதாவது ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் கெர்னல் உங்களுக்காகச் செய்ய முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது: ரிட்டர்ன் கோடு, அதாவது புரோகிராம் தன் முடிவாகத் திருப்பித் தரும் எண். டிசிஎக்ஸில் நெக்ஸ்ட் என்றால் −1, பாஸ் 0, ட்ராப் 2, ரீடைரக்ட் 7. நெக்ஸ்ட் கொடுத்தால்தான் அடுத்த புரோகிராமுக்குப் போகும். பாஸ் கொடுத்தால் "பாக்கெட் போகட்டும்" என்பதோடு சங்கிலியும் அங்கேயே முடிகிறது. டிசிஎக்ஸ் முழுவதும் ஓடி முடிந்த பின்னர்தான் பழைய டிசி ஃபில்டர்கள் ஓடும் என்பதால் ஒரு பாஸ் அவற்றையும் தாண்டிவிடும். பழைய டிசி புரோகிராமை வரி மாறாமல் டிசிஎக்ஸில் ஏற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அனுமதி என்ற இடத்திலெல்லாம் 0 திருப்பிக்கொண்டிருந்த புரோகிராம், தனக்குப் பின்னால் இருக்கும் எல்லோரையும் பட்டினி போடும். பாக்கெட்டுகள் நன்றாகப் போய்வருவதால் பயனர் யாரும் புகார் சொல்லமாட்டார்கள், பின்னால் இருப்பவரின் கிராஃப் மட்டும் தரைதட்டும்.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி: பிபிஎஃப் ஸ்டாட்ஸ் என்ற சிஸ்கன்ட்ரோலை (கெர்னல் அமைப்பை) ஆன் செய்துவிட்டு பிபிஎஃப்டூல் என்ற கருவியில் புரோகிராம்களைப் பட்டியலிட்டால், ஒவ்வொன்றும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நானோசெகண்ட் எடுத்தது என்று வரும். சிறிது நேரம் விட்டு இரண்டு முறை எடுத்து, வரிசையில் அடுத்தடுத்து இருப்பவர்களின் ஓட்ட எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று ஒப்பிடுங்கள். முதலாமவர் ட்ராப் செய்த அளவைத் தாண்டி இரண்டாமவருக்குக் குறைந்தால் நடுவில் யாரோ சங்கிலியை முடிக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஆஃப் செய்துவிடுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் அளப்பது இலவசம் இல்லை.

சிகுரூப் (பிராசஸ் குழு) ஹுக்குகளில் இந்தத் தொல்லை இல்லை. 4.15 முதல் இருக்கும் மல்டி கொடியோடு மாட்டினால் எல்லா புரோகிராமும் ஓடும், ஒருவர் மறுத்தாலும் மறுப்புதான். அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

பாக்கெட் நெட்வொர்க் டிரைவரை எட்டியவுடனே ஓடும் எக்ஸ்டிபி ஹுக்கில்தான் நிலைமை இன்னும் பழையபடி. இன்டர்ஃபேஸில் ஒரு மோடுக்கு (இயங்கும் விதத்துக்கு) ஒரு புரோகிராம்தான். லிப்எக்ஸ்டிபி நூலகம் ஒரு டிஸ்பாட்சரை (மற்றவற்றை வரிசையாக அழைக்கும் புரோகிராம்) மாட்டி, அதற்குள் 10 புரோகிராம்கள் வரை முன்னுரிமை எண்படி அடுக்குகிறது. இயல்பான முன்னுரிமை 50, சிறிய எண் முதலில் ஓடும். புதியவர் வந்தால் டிஸ்பாட்சரையே புதிதாகக் கட்டி மொத்தமாக மாற்றுகிறது. நன்றாகவே வேலை செய்கிறது, எல்லோரும் அந்த நூலகத்தின் வழியாக வரும் வரை. நேரடியாக நெட்லிங்க் என்ற கெர்னல் வழியில் வந்து மாட்டும் ஒரு கருவி போதும், மொத்த டிஸ்பாட்சரும் போய்விடும். பழைய புரோகிராம் எது என்று சொல்லிவிட்டு மாற்றும் வசதி 5.7 முதல் இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்துவது அந்தந்தக் கருவியின் விருப்பம். அதனால் எங்கள் பக்கம் எக்ஸ்டிபியில் ஒரே ஒரு புரோகிராம், அதுவும் 5.9 முதல் இருக்கும் லிங்க் வழியாக, அப்போது இன்னொருவர் வந்தால் ஈபிஸி வாங்கிக்கொண்டு திரும்புவார். கண்காணிப்பு ஏஜென்ட் எக்ஸ்டிபி வேண்டும் என்று கேட்டது. டிசிஎக்ஸில் ஃபயர்வாலுக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டோம்.