உயரத்தில் ஸ்பைடர்மேன், சமையலறையில் ஏஜென்ட் 47

சூப்பர்ஹீரோ வீடியோ விளையாட்டுகள் தங்களிடம் இருப்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே அள்ளிக் கொடுத்துவிடுகின்றன. உளவாளி விளையாட்டுகள் கஞ்சத்தனமானவை. முதல் வாரத்தில் ஆடுபவரை அவமானப்படுத்தி அனுப்புவதோடு சரி. இரண்டு வகையையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றி ஆடிய பிறகு, எது தங்கியது, எது சலித்தது என்று எழுதி வைக்கத் தோன்றியது. நான் போட்டிகளுக்குப் போகிறவன் அல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில், பிளேஸ்டேஷன் 5-இல், நடுத்தரக் கடினத்தில் ஆடுபவன். கோப்பைகளைச் சேர்க்கும் ஆசையும் கிடையாது.

முதலில் 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் 2'. இன்சோம்னியாக் நிறுவனம் 2018-இல் தொடங்கிய வரிசையின் தொடர்ச்சி. 2023 அக்டோபரில் வெளிவந்தது. பீட்டர் பார்க்கர், மைல்ஸ் மொராலெஸ் என்று இரண்டு ஸ்பைடர்மேன்கள். கதையை விட்டுத்தள்ளுங்கள், ஊஞ்சலாட்டம்தான் இதன் உயிர். விசையை அழுத்திப் பிடித்தால் வலை பாய்ந்து ஒரு கட்டடத்தில் ஒட்டுகிறது. ஊசலின் அடிப்பகுதியைத் தாண்டி உடல் மேலேறத் தொடங்கும் அந்தக் கணத்தில் விட்டால் முன்னே எறியப்படுகிறீர்கள். கொஞ்சம் பிந்தி விட்டால் உயரம் கிடைக்கிறது, வேகம் போய்விடுகிறது. வலை வானத்தில் ஒட்டுவதில்லை என்பதால், உயரமான கட்டடங்கள் இல்லாத சென்ட்ரல் பார்க்கில் மரக்கிளைகளை நம்பித் தாழ்வாகப் போக வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: அமைப்புகளில் ஊசலுக்கான உதவியைக் குறைக்கும் அளவுகோல் இருக்கிறது. பத்தில் இருக்கும் அதைச் சுழியத்துக்கு இறக்கி, உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும் வசதியையும் இயக்கிவிட்டால் இது வேறொரு விளையாட்டு. அதுவரை உங்களுக்காக விளையாட்டே திசையைச் சரிசெய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைக்கிறது. கதையெல்லாம் முடிந்த பிறகும் இதை நான் அழிக்காமல் வைத்திருந்ததற்கு இந்த அளவுகோல் ஒன்றே காரணம்.

இந்த பாகத்தில் குவீன்ஸும் புரூக்ளினும் சேர்ந்திருக்கின்றன, நடுவில் ஆறு. அதைக் கடக்க உடையில் இறக்கைகள் கொடுத்திருக்கிறார்கள். காற்றோட்டப் பாதைக்குள் நுழைந்துவிட்டால் விமானம் மாதிரிப் போகலாம். வசதிதான். ஆனால் பறக்க முடிந்த பிறகு ஊசலாட யாருக்குப் பொறுமை இருக்கும்? இறக்கை கிடைத்த நாளிலிருந்து மான்ஹாட்டனின் பாதித் தெருக்களை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனடிப் பயணமும் அப்படித்தான்: வரைபடத்தில் ஓரிடத்தைச் சுட்டிப் பொத்தானைப் பிடித்தால், கண்சிமிட்டும் நேரத்தில் ஆள் அங்கே போய் இறங்குகிறான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அசர வைக்கிறது. ஆனால் இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த பகுதியைத் தாண்டிக் குதிக்க விளையாட்டே வழி செய்து கொடுப்பது வேடிக்கை.

சண்டை முதல் பத்து மணி நேரம் திருவிழா. பிறகு எதிரிகளின் உடல் தடிக்கிறதே தவிர, புத்தி வளர்வதில்லை. தெருவில் நடக்கும் குற்றங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. கதையில் வில்லன்களாகக் கிராவனும் லிசார்டும் வருகிறார்கள். வெனம் என்ற இன்னொரு வில்லனுக்கு டோனி டாட் கொடுத்த குரல் நாற்காலியை அதிர வைக்கிறது. பீட்டர் அணிந்துகொள்ளும் கறுப்பு உடை அவன் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கு மட்டும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறது. முடித்ததும் புதிதாகத் தொடங்கலாம் என்றால், சேர்த்த சக்திகளோடு மறுபடி ஆடும் வசதி வெளியீட்டின்போது இல்லை. 2024 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் எனக்குச் சூடு ஆறிப்போயிருந்தது.

ஆனாலும் ஹோவர்டைச் சொல்லாமல் விட முடியாது. முதல் விளையாட்டில் தன் புறாக்களைப் பிடித்துத் தரச் சொன்ன அதே வீடற்ற மனிதர். இந்த முறை புறாக்களை ஒரு புதிய இடத்துக்கு அழைத்துப் போகச் சொல்கிறார். சண்டை இல்லை, மதிப்பெண் இல்லை. பறவைக் கூட்டத்தோடு சேர்ந்து மெல்லப் பறந்து போய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் கேட்டார் என்பது கடைசியில் தெரிகிறது, நான் சொல்லப்போவதில்லை. காணாமல் போன தாத்தா ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் வேலையும் உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்து எழுப்பிய வெனம் சண்டைகளை விட இந்த இரண்டும்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. இரண்டிலும் ஸ்பைடர்மேன் யாரையும் அடிப்பதில்லை. நாயகன் தரைக்கு இறங்கி வந்தால் மட்டுமே அந்த ஊரில் மனிதர்கள் இருப்பது தெரிகிறது. மற்ற நேரமெல்லாம் மொட்டை மாடிகள்தான். அத்தனை ஆயிரம் ஜன்னல்களில் ஒன்றின் உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

'ஹிட்மேன்: வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்' இதற்கு நேர் எதிர். கோபன்ஹேகனில் இருக்கும் ஐஓ இன்டராக்டிவ் 2016, 2018, 2021 ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று விளையாட்டுகளையும் 2023 ஜனவரியில் ஒன்றாகக் கட்டி இந்தப் பெயர் வைத்தது. ஏஜென்ட் 47 உளவாளி இல்லை, கூலிக் கொலையாளி என்று சிலர் திருத்துவார்கள். இருக்கட்டும். வேஷம் போடுவது, ஒட்டுக்கேட்பது, சாவி திருடுவது, யாருக்கும் சந்தேகம் வராமல் வெளியேறுவது என்று அவன் செய்வதெல்லாம் உளவாளியின் வேலைதான். சுடுவது கடைசி நிமிடத்து வேலை. பல சமயம் அதுவும் தேவைப்படாது.

பாரிஸ் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மாளிகை. உள்ளே ஃபேஷன் ஷோ நடக்கிறது. கொல்லப்பட வேண்டியவர்கள் விக்டர் நோவிகோவும் டாலியா மார்கோலிஸும். பணியாளர் உடையில் கீழ்த்தளச் சமையலறையில் நுழைந்தால் பெரும்பாலானவர்கள் உங்களைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஒரு சிலரின் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரியும். அவர்களுக்குத் தங்கள் ஆட்களின் முகம் பழக்கம். இவன் யார் என்று உற்றுப் பார்ப்பார்கள். சமையல்காரரை ஏமாற்றும் உடை காவலாளியிடம் செல்லாது, காவலாளி உடை மேல்மாடி ஏலத்தில் செல்லாது. அந்த நிகழ்ச்சியின் பெரிய மாடல் ஹெல்மட் குரூகர் அச்சு அசல் 47 போலவே இருக்கிறான். அவன் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒப்பனைக்காரர் முன் முகத்தைக் காட்டிவிட்டு மேடையில் நடக்கலாம். அத்தனை கேமராக்களும் கொலையாளியைப் படம் பிடிக்க, எந்தக் காவலாளிக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு பணியாளர் பின்னால் நான் வெகுநேரம் சும்மா நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "மாமா, இதில் விளையாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு களத்தில் யார் எந்த நேரம் எங்கே போவார், எந்தக் கோப்பையில் யார் குடிப்பார், எந்த விளக்குச் சட்டம் யார் தலைக்கு மேல் தொங்குகிறது என்பதெல்லாம் மனப்பாடமான பிறகுதான் விளையாட்டு ஆரம்பிக்கிறது. அதன் பிறகு அது முடிவதே இல்லை.

டார்ட்மூர் களத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பனிமூட்டத்தில் ஒரு பழைய பிரபுக் குடும்ப மாளிகை. அங்கே ஏற்கெனவே ஒரு மரணம் நடந்திருக்கிறது. துப்புத்துலக்க ஒரு தனியார் துப்பறிவாளர் வருகிறார். அவர் இடத்தில் நீங்கள் போகலாம். கொலை செய்ய வந்தவன் இன்னொரு கொலையைத் துப்புத்துலக்குகிறான். ஒவ்வொருவரையும் விசாரித்து, அறைகளைச் சோதித்து, கொலையாளியைச் சுட்டிக்காட்டலாம். வேண்டுமானால் அப்பாவியான பட்லர் (வீட்டின் தலைமைப் பணியாளர்) மீதும் பழி போடலாம். யாரைக் காட்டினாலும் கதை அதற்கேற்ப நகர்கிறது. பெர்லின் இன்னும் கடுமை: பத்துக்கு மேற்பட்ட ஏஜென்ட்டுகள் ஓர் இரவு விடுதியில் 47-ஐத் தேடுகிறார்கள், யார் யார் என்று விளையாட்டு சொல்லாது. வழிகாட்டும் டயானாவின் குரலும் இல்லை. கூட்டத்தில் யார் நடனமாட வரவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மும்பை களம் 2018-இல் வந்தது. உயரே ரங்கன் டவர், கீழே குடிசைகள், சலவைத்துறை, ரயில் நிறுத்துமிடம் என்று வெளியூர்க்காரர்கள் வழக்கமாகப் பார்க்கும் மும்பைதான். எல்லோரும் இந்திய உச்சரிப்பில் ஆங்கிலம் பேசிக்கொள்கிறார்கள். திரைப்படத் தயாரிப்பாளரான வில்லனுக்குத் தாவூத் ரங்கன் என்று பெயர் வைத்தவர் ஸ்ரீரங்கம் பக்கம் வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நெரிசலை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மெயில்ஸ்ட்ரோம் என்ற மூன்றாவது இலக்கின் முகம் யாருக்கும் தெரியாது. அவன் அந்தக் கூட்டத்துக்குள்தான் நடமாடிக்கொண்டிருக்கிறான். சவரக்கடையில் நீங்கள் நாவிதர் உடையில் கத்தியோடு நின்றால் அவனே வந்து நாற்காலியில் சாய்ந்துகொள்வான். மற்ற இருவரையும் கொல்ல இன்னொரு கூலிக்காரனும் ஊருக்குள் வந்திருக்கிறான். அவனுக்கு வசதி செய்து கொடுத்தால் உங்கள் வேலையை அவன் முடித்துவிடுவான், நீங்கள் கை கட்டிக்கொண்டு நிற்கலாம்.

இதில் நகைச்சுவையும் உண்டு. 'ஹிட்மேன் 2' வந்த புதிதில், எறிந்த கைப்பெட்டி ஆளைத் துரத்திக்கொண்டு நிதானமாகப் பறந்து போகும் கோளாறு ஒன்று இருந்தது. ஆடுபவர்கள் அதைக் கொண்டாடவே, பிற்பாடு அப்படியே பறக்கும் பெட்டி ஒன்றை அதிகாரபூர்வமாகக் கொடுத்துவிட்டார்கள்.

2023-இல் சேர்ந்த 'ஃப்ரீலான்சர்' முறைதான் இதை என் நிரந்தர விளையாட்டாக்கியது. தெரிந்த அதே களங்கள், ஆனால் இலக்குகள் புதியவர்கள். நடுவில் சேமிக்க முடியாது. செத்தால் கையிலிருந்த ஆயுதங்கள் போய்விடும், பணத்தில் பாதியும் போய்விடும். கடைசிச் சந்திப்பில் தலைவன் யார் என்று அடையாளங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: கண்ணாடி, முடியின் நிறம், புகைபிடிக்கும் பழக்கம். நான்கைந்து பேர் ஒரே சாயலில் திரிவார்கள். தவறான ஆளைத் தொட்டால் உண்மையான தலைவன் உஷாராகி ஓடத் தொடங்குவான். அந்த நேரத்தில் என் கை வியர்க்கிற அளவுக்கு எந்த வில்லனின் கடைசிச் சண்டையிலும் வியர்த்ததில்லை.

குறை ஒன்று உண்டு, சிறியதல்ல. தனியாக ஆடும் விளையாட்டுக்கு இணைய இணைப்பு கட்டாயம் மாதிரிதான். இணைப்பு இல்லாமல் களங்களை ஆடலாம், ஆனால் மதிப்பெண்ணும் புதிய பொருள்களும் கிடைக்காது. ஃப்ரீலான்சர் திறக்கவே திறக்காது. காசு கொடுத்து வாங்கிய பொருளை ஆட எங்கோ இருக்கும் ஒரு கணினியிடம் அனுமதி கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

இணையத்தை நம்பி வாழ்வதன் ஆபத்து சூப்பர்ஹீரோ பக்கத்தில் இன்னும் வெளிப்படை. 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' 2020-இல் வந்தது, 2023 செப்டம்பரோடு விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதில் இளம் நாயகி கமலா கானின் தொடக்கக் காட்சிகள் அருமை. பிறகு அவளையும் பொருள் பொறுக்க அனுப்பிவிட்டார்கள். 2024-இல் ராக்ஸ்டெடி நிறுவனத்தின் 'சூசைட் ஸ்குவாட்' வந்தது. பேட்மேன் ஆர்க்கம் வரிசையில் ஒளிந்து தாக்குவதைச் சொல்லிக் கொடுத்தவர்கள், இதில் சுறாமீன் மனிதன் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் விட்டுவிட்டேன்.

2021-இன் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இவற்றுக்கு நடுவே நல்ல பிள்ளை. குழுத் தலைவன் ஸ்டார்லார்டாக மட்டுமே ஆட முடியும். மற்ற நால்வரும் ஓயாமல் பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் கூடவே வருவார்கள். சண்டை சாதாரணம், அரட்டை முதல் தரம். ஒரு முறை ஆடினால் போதும்.

உளவுக்கதை என்று பார்த்தால் 'சைபர்பங்க் 2077'-க்கு 2023 செப்டம்பரில் வந்த 'ஃபேன்டம் லிபர்ட்டி' விரிவாக்கம்தான் முதலிடம். இட்ரிஸ் எல்பா நடித்த உளவாளி சாலமன் ரீட் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் உண்மை எவ்வளவு என்று எடை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விருந்தில், ரூலட் சூதாட்ட மேசையில் உட்கார்ந்து எதிராளிகளிடம் பேச்சுக் கொடுக்கும் காட்சியில் துப்பாக்கியே கிடையாது. ஆனாலும் இருக்கை நுனிதான். யாரை நம்புவது என்பதே அதன் உயிர் என்பதால், முடிவு தெரிந்த பின் மறுபடி ஆட மனம் வரவில்லை.

ஐஓ நிறுவனம் இளவயது ஜேம்ஸ் பாண்டை வைத்து '007 ஃபர்ஸ்ட் லைட்' விளையாட்டைக் கையில் எடுத்தபோது எனக்கு ஆவலை விட ஐயமே அதிகம். போகிற இடமெல்லாம் சொந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் ஆள் என்ன உளவாளி? 47-இன் பொறுமையை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. பாண்ட் ஒருவகையில் கோட்டு சூட்டு போட்ட சூப்பர்ஹீரோதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: எதிலும் தமிழ் வசனவரிகள் இல்லை. ஸ்பைடர்மேனைத் தள்ளுபடியில் வாங்கினால் போதும். இறக்கைகளைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். ஹிட்மேனில் முதல் தடவை விளையாட்டு காட்டும் வழிகாட்டுக் குறிப்புகளைப் பின்பற்றிப் பாரிஸை முடியுங்கள், இரண்டாம் தடவை அவற்றை அணைத்துவிட்டு அதே பாரிஸுக்குப் போங்கள். அந்த இரண்டாம் தடவையிலும் பிடிக்கவில்லை என்றால் இது உங்களுக்கு ஆகாது, பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். பிடித்துவிட்டால் ஃப்ரீலான்சருக்கு அவசரப்படாமல் பாதிக் களங்களையாவது பழகுங்கள். ஒரு சமையலறைக்குப் பின்வாசல் எங்கே என்று தெரியாமல் அங்கே போனால் ஆயுதங்கள்தான் மிச்சமில்லாமல் போகும்.