பாறைக்கரையோரம் 7 ஆண்டுகள்: கயாக்கில் போலி இரையும் ஃபிளையும்

மேல்தளத்தில் அமர்ந்து துடுப்புப் போடும் வகையைச் சேர்ந்த, 4 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் ஏறத்தாழ 30 கிலோ எடையும் கொண்ட பாலிஎதிலீன் கயாக் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) ஒன்றை 7 ஆண்டுகளாகக் கடலில் தூண்டில் மீன்பிடிப்புக்குப் பயன்படுத்தி வருகிறேன். செங்குத்துப் பாறைகளும் அவற்றின் இடையே சிறு மணல் வளைவுகளும் மாறி மாறி வரும் கரை அது. கரையில் நிற்பவரின் வீச்சுக்கு எட்டாத, இயந்திரப் படகுகள் நெருங்க அஞ்சுகிற பாறையடிகளுக்கு ஓசையின்றிப் போய்ச் சேர முடிவதுதான் கயாக்கின் தனிச்சிறப்பு. இதில் போலி இரையை முதல் நாளிலேயே வீசிவிடலாம். ஃபிளை, அதாவது தூண்டில் முள்ளில் மயிர், இறகு போன்றவற்றைக் கட்டிச் செய்த இலேசான போலி இரை, வீசுவதற்கோ, கயாக்கில் வாங்கிப் பொருத்திய பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு 3 ஆண்டுகள் ஆயின.

போலி இரைக்கு நான் வைத்திருப்பவை எளியவை: 2.1 மீட்டர் நீளமுள்ள ஒரு கோல், நடுத்தர ரீல், மெல்லிய பின்னல் நூல், அதன் முனையில் ஒரு பாக (விரித்த இரு கைகளின்) நீளத்துக்கு ஃபுளோரோகார்பன் தங்கூசி (நீரில் எளிதில் தெரியாத ஒற்றை இழை நூல்). 10 முதல் 20 கிராம் வரையிலான ஈயத்தலைத் தூண்டில் முள்ளில் கோத்த மென்பிளாஸ்டிக் மீன்தான் ஆண்டு முழுவதும் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. உட்கார்ந்தபடி வீசுவதால் தூரம் குறையும் என்பது உண்மையே. ஆனால் பாறைக்கு 15 மீட்டர் தொலைவில் மிதப்பவருக்கு அந்தத் தூரம் தேவைப்படுவதில்லை. ஒரு விடியற்காலையில், அலை பின்வாங்கிய நொடியில் பாறையை ஒட்டி விழுந்த போலி மீன், நுரை கலந்த வெள்ளை நீரிலிருந்து பச்சை நீருக்குள் சாய்ந்து இறங்கும்போது நூல் ஒரு பக்கமாக நகரத் தொடங்கியதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். இழுப்பு எதுவும் கைக்குத் தெரியவில்லை. நூல் போன திசைதான் மீன் கவ்வியதைக் காட்டியது. நுரை விளிம்பில் திணறும் குஞ்சுமீன்களுக்காக வேட்டை மீன்கள் அங்கே காத்திருக்கின்றன. இரை கீழே இறங்கும் அந்தச் சில நொடிகளிலேயே பெரும்பாலான கடிகள் கிடைத்தன.

ஃபிளை வேறு கதை. இங்கே எடை இரையில் இல்லை, தடித்த நூலில் இருக்கிறது. அந்த நூலை முன்னும் பின்னும் காற்றில் விரித்து வீச வேண்டும். 2.7 மீட்டர் நீளமுள்ள 8ஆம் எண் கோலோடு (எண் குறிப்பது அது வீசும் நூலின் எடை வகையை) தாழ்வான இருக்கையில் அமர்ந்தால், பின்வீச்சு சற்றுத் தளர்ந்தாலும் நூல் பின்னால் நீரைத் தொட்டுவிடும். இருக்கையை ஒரு சாண் உயர்த்தியபோது வீச்சு தெளிவடைந்தது; ஆனால் பக்கவாட்டு அலையில் கயாக் அதிகம் ஆடியது. அதைவிடப் பெரிய தொல்லை, இழுத்துச் சேர்த்த நூல் காலடியில் குவிவதுதான். கால்தாங்கியின் திருகு, கோல் தாங்கி, பெட்டியின் கொண்டி, துடுப்புக் கயிறு என்று எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த நூல் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நல்ல மீன் ஒன்று திரும்பி ஓடிய வேளையில் கால்தாங்கித் திருகில் நூல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள, தங்கூசி அறுந்தது. அதன்பின் என் மடிக்கு முன்னால் எதையும் பொருத்துவதில்லை. மடிமீது ஈரத்துணி விரித்து அதன்மேல் நூலைச் சேர்க்கிறேன்.

ஃபிளைகளில் க்ளவுசர் மின்னோவையே பெரிதும் நம்புகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் க்ளவுசர் 1980களில் ஆற்று மீனுக்காகக் கட்டிய அமைப்பு அது. முள்தண்டில் கட்டிய ஈயக் கண்களின் எடையால் முள் தலைகீழாகத் திரும்பி, முனை மேல்நோக்கியபடி நீந்துவதால், பாறையிடுக்குகளில் சிக்குவது வெகுவாகக் குறைகிறது. காற்று எழும்பிய நாளில் இந்த எடையே வினையாகிவிடும். அப்போது அது காதோரம் பறக்கும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் இதை வீசக்கூடாது.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், குன்றின் மறைவில் இருக்கும் நீர் கண்ணாடிபோல் கிடக்கும்; அந்த மறைவைத் தாண்டிய பிறகே காற்றின் முழு வலிமை தெரியும். அதற்குள் திரும்பும் வழி முழுவதும் எதிர்காற்றாகிவிடும். மணிக்கு 20 கிலோமீட்டரை எட்டும் காற்றில் ஃபிளைக் கோலை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். கரைக்காற்று என்றால் அதைவிடக் குறைந்த வேகத்திலும் இறங்குவதில்லை. மிதமான காற்றில் சிறு துணிக்குடை போன்ற மிதவை நங்கூரத்தைப் பின்முனையில் கட்டிவிட்டால், கயாக் மெதுவாகவும் ஒரே கோணத்திலும் நகரும். ஒரே பாறை விளிம்பை இருமடங்கு நேரம் துழாவ முடியும். நான் வாங்கிய துணைப்பொருள்களில் மிகுந்த பயன் தந்தது இதுதான். எந்த நங்கூரமானாலும் பக்கவாட்டில் கட்டக்கூடாது. நீரோட்டம் இழுக்கும்போது கயாக் கவிழ்ந்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ கட்டி, அறுத்து விடுவிக்க எட்டும் இடத்தில் கத்தி வைத்திருக்க வேண்டும்.

கயாக்கின் உடல்பாகத்தைப் பொறுத்தவரை, 4ஆம் ஆண்டில் உள்ளே நீர் சேரத் தொடங்கியது. மூடிகள் கசிகின்றன என்று எண்ணி இறுக்கிப் பார்த்தேன், பயனில்லை. காரணம், தளத்து நீர் வடியும் துளைகளில் செருகித் தள்ளும் சக்கர வண்டி. முழு எடையும் துளையின் விளிம்பில் தங்கியதால் அங்கே மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. பாலிஎதிலீனில் பசை ஒட்டாது. அதே பொருளை உருக்கிப் பற்றவைத்த பின்னரே கசிவு நின்றது. இப்போது அடிப்பகுதி முழுவதையும் தாங்கும் பட்டை வண்டியையே பயன்படுத்துகிறேன். வெயிலில் வெளுத்த நிறத்தைத் தவிர வேறு குறை இல்லை.

உப்பு எல்லாவற்றையும் தின்னும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவியும் ஒரு ரீலின் உருளைத் தாங்கியை மாற்ற நேர்ந்தது. மும்முனை முட்களை நீக்கி, எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நீளும் சிறு கூர்) நசுக்கிய ஒற்றை முட்களைப் பொருத்தியிருக்கிறேன். மடியில் துள்ளும் மீனோடு மும்முனை முள் இருப்பது ஆபத்து, மீனை விடுவிப்பதும் இதனால் எளிதாகிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உயிர்காப்புச் சட்டையோடு வேண்டுமென்றே கவிழ்ந்து, மீண்டும் ஏறிப் பழகிக்கொள்கிறேன். தளத்தில் பொருள்கள் குறையக் குறைய ஏறுவதும் சுலபமாயிற்று. சென்ற மாதம் முன்பக்கத்தில் மிஞ்சியிருந்த கடைசிக் கோல் தாங்கியையும் கழற்றித் துளைகளை அடைத்துவிட்டேன். இப்போது என் முழங்கால்களுக்கு முன்னால் ஈரத்துணியும் நூலும் மட்டுமே இருக்கின்றன.