இரண்டு ஆண்டு வகுப்பறைத் தொழில்நுட்பம்: நான் கூட எடுத்துச்செல்லப் போவது ஒலிப்பதிவைத்தான்

இரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில், கைக்குக் கிடைத்த கருவிகளையெல்லாம் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். முதலில் ஒப்பந்த ஆசிரியராக இருந்தேன். அப்புறம் தேசியக் கல்விக் கழகத்தில் சேர்ந்து கற்பித்தல் பயிற்சிக்குப் போனேன். இன்னும் சில மாதங்களில் முழுநேர ஆசிரியராகப் பள்ளிக்குள் நுழையப் போகிறேன். அதற்குள் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று எழுதிவைக்கத் தோன்றியது. இந்தப் பணிக்கு வரவிருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்களின் கணினியில் எனக்கு மிகவும் உதவியது அதில் இருக்கும் ஒலிவாங்கிதான். திரையில் ஓடும் விளையாட்டு, படம், பரிசுப் புள்ளி எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருகின்றன.

இங்கே தமிழ் வகுப்பு எப்படி இருக்கும் என்பது தெரிந்தால்தான் இது புரியும். நான் எடுத்த வகுப்பில் 14 பேர். மூன்று வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வந்து சேர்வார்கள். தமிழுக்கென்று தனி அறை கிடையாது. காலியாக இருக்கும் ஏதோ ஓர் அறைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர், ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காட்டினர். என் 14 பேரில் பலருக்குத் தமிழ் பேசும் இடமே அந்த ஒரு பாடவேளைதான். அதிலும் நான் விளக்கம் சொல்லும் நேரத்தைக் கழித்தால், ஒருவருக்கு இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு நிமிடத்தையும் நன்றாகப் பேசத் தெரிந்த மூன்று பேர் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கருவிக்கு இங்கே பஞ்சமில்லை. எஸ்எல்எஸ் என்று எல்லாரும் சொல்லும் மாணவர் கற்றல் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டத்தை 2028க்குள் முடிப்பதாக இருந்தார்கள். கொவிட் வந்ததால் 2021 முடிவதற்குள்ளேயே முடித்துவிட்டார்கள். 2020 ஏப்ரல் 8 அன்று பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது நான் தொடக்கக் கல்லூரி முதலாண்டில் இருந்தேன். எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டிருப்போம். எங்கள் தமிழாசிரியர் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து, "கேட்குதா, யாராவது பேசுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வகுப்பில் ஒலிப்பதிவைக் கையில் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் செய்தது எளிமையான வேலைதான். வாரத்திற்கு ஒரு முறை எஸ்எல்எஸ்ஸில் ஒரு கேள்வி போடுவேன். மாணவர்கள் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். எழுதிவைத்து வாசிக்கக்கூடாது. எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் முறையான இடம் உண்டு என்பதால், வீட்டில் பேசுவதைப் போலவே பேசச் சொன்னேன்.

முதல் மாதம் வந்த பதிவுகள் பெரும்பாலும் வாசிப்புதான். தாளைப் புரட்டும் சத்தம் கேட்கும். இரண்டாவது மாதத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத ஒரு மாணவி இருந்தாள். பெயர் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். 'உங்கள் வீட்டுச் சமையலறை' என்ற தலைப்புக்கு அவள் அனுப்பிய பதிவைப் பூன் லேயில் 179 பேருந்துக்காக நிற்கும்போது கேட்டேன். "பாட்டி எண்ணெய் ஊத்தி, அப்புறம் கடுகை ஃபிரை பண்ணுவாங்க" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "தாளிப்பாங்கன்னு சொல்லும்மா." ஒரு நொடி அமைதி. "தாளிப்பாங்க" என்று திருத்திக்கொண்டு மேலே பேசினாள். ஒரு நிமிடம் என்று சொல்லியிருந்தேன், இரண்டரை நிமிடம் பேசியிருந்தாள். எல்லாம் தமிழில்.

அடுத்த வகுப்பில் பலகையில் நான்கு சொற்களை எழுதினேன்: தாளிப்பது, வதக்குவது, வறுப்பது, பொரிப்பது. இந்த நான்குக்கும் சேர்த்து அவர்களிடம் இருந்தது ஃபிரை என்ற ஒரே சொல். எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரப் பதிவுகளில் அம்மா, தாத்தா, பெரியம்மா என்று ஆளாளுக்குக் குரல் கேட்டது. ஒரு பாட்டி வெங்காயத்தைப் பற்றி என்னிடமே நேராகப் பேசியிருந்தார். பாடநூல் செய்ய முடியாத ஒன்றை அந்த ஒலிவாங்கி செய்தது. வீட்டில் தமிழ் தெரிந்த கடைசி ஆளை மாணவரின் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

இதற்கு ஆசிரியர் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். 14 பதிவுகளைக் கேட்க 14 நிமிடம் போதும் என்று தோன்றும். திரும்பக் கேட்டு, கருத்துச் சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். கருத்தைத் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு நானும் இருபது நொடி பேசிப் பதிவுசெய்து அனுப்பத் தொடங்கிய பிறகு வேலை பாதியாகக் குறைந்தது. மாணவர்களும் எழுத்தைவிடக் குரலைத்தான் மறுபடி மறுபடி கேட்டார்கள். இன்னொன்று: பதிவுகள் பள்ளித் தளத்தை விட்டு வெளியே போகக்கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவது எளிது என்று மாணவர்களே சொல்வார்கள். நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. பிள்ளைகளின் குரல் அது, வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அதில் கேட்கும்.

அடுத்தது தட்டச்சு. இதில் என் கருத்து இரண்டு ஆண்டுகளில் தலைகீழாக மாறியது.

தொடக்கத்தில் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகையைத்தான் பயன்படுத்தச் சொன்னேன். வேகமாக எழுதினார்கள், பக்கம் நிறைந்தது. ஆனால் ‘vali’ என்று அடித்தால் வலி, வழி, வளி மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "காவலரிடம் வலி கேட்டேன்" என்ற வாக்கியத்தை ஒரே வாரத்தில் இரண்டு கட்டுரைகளில் திருத்தினேன். கையால் எழுதும்போது ல, ள, ழவில் தடுமாறினால் பேனா நிற்கும், மாணவர் யோசிப்பார். இந்த விசைப்பலகையில் அந்தத் தயக்கமே இல்லை. தவறு நடந்தது அவருக்கே தெரியாது.

பிறகு தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு மாறினோம். ஐபேடில் அது ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். முதல் இரண்டு வாரம் எல்லாரும் புலம்பினார்கள். மூன்றாவது வாரத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தமிழ்99இல் ம என்ற விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் அம்மா வந்துவிடும். ந, த என்று தட்டினால் ந்த என்று வரும். ங, க தட்டினால் ங்க. ண, ட தட்டினால் ண்ட. ஒரு மாணவன் இதைக் கவனித்துவிட்டு, "டீச்சர், ஏன் சில ஜோடிக்கு மட்டும் புள்ளி தானா வருது?" என்று கேட்டான். அன்று இன எழுத்துகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இலக்கணப் பாடத்தை மாணவரே கேட்டு வாங்கிய நாள் எனக்கு அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, நான் இப்போது படிக்கும் இதே தேசியக் கல்விக் கழகத்தில், அது புக்கிட் தீமா வளாகத்தில் இருந்த காலத்தில், விரிவுரையாளராக இருந்தவர். இணையத்தில் தமிழ் தெரியவேண்டும் என்று கணியன் என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1997இல் தமிழ்இணையம் மாநாட்டை இங்கே கூட்டினார். 1999இல் மறைந்துவிட்டார். ஓர் ஆசிரியப் பயிற்சிக் கழகத்தில் இருந்துகொண்டு அவர் பட்ட பாட்டின் தொடர்ச்சியில்தான் என் மாணவர்கள் விசையைத் தட்டுகிறார்கள் என்று வகுப்பில் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வினாடிவினாச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பை எழுப்புவதற்கு நல்லது. சொற்பொருள் சரிபார்க்கலாம். மாணவர்கள் விடையை வேகத்துக்காகத் தட்டுகிறார்கள், மறுநாள் கேட்டால் நினைவில் இருப்பதில்லை. தமிழில் விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் வகையில் மட்டும் எச்சரிக்கை தேவை. நான் பயன்படுத்திய ஒரு செயலி ‘போட்டி’ என்ற சரியான விடையைத் தவறு என்று காட்டியது. செயலியில் இருந்த விடையும் மாணவி அடித்த விடையும் திரையில் ஒன்றாகத்தான் தெரிந்தன. பார்த்தால், ‘போ’வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக அடித்தும் சேமிக்கலாம். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறைப்படி இரண்டும் சமம். அதைச் சமமாக எடுத்துக்கொள்ளும்படி அந்தச் செயலியைச் செய்யவில்லை. மதிப்பெண் இழந்த மாணவி தன் தமிழில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று முதல் தமிழில் தட்டச்சு செய்யும் விடைகளை நானேதான் திருத்துகிறேன். ஔவையாரின் ‘ஔ’ மட்டும் வேறு கதை. ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடித்தால் அது உண்மையிலேயே தவறு; அதை உட்கார்ந்து விளக்கத்தான் வேண்டும்.

கற்பித்தல் பயிற்சியில் மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்த ஒரு நாளில் பள்ளியின் வைஃபை நின்றுவிட்டது. என் பாடம் முழுவதும் இணையத்தில் இருந்தது. வழிகாட்டி ஆசிரியை மெதுவாக, தாளைத் திரையில் பெரிதாகக் காட்டும் விஷுவலைசரைக் காட்டினார். அதன் கேமராவுக்குக் கீழே ஒரு மாணவரின் கட்டுரைத் தாளை, அவர் அனுமதியோடு, வைத்தேன். கையெழுத்து சுவரளவு பெரிதாகத் தெரிந்தது. ‘மணம்’, ‘மனம்’ இரண்டும் ஒரே பத்தியில் இடம் மாறி இருந்தன. சிவப்புப் பேனாவை எடுத்து மாணவர்களையே வரச் சொன்னேன். மூன்று சுழி எங்கே, இரண்டு சுழி எங்கே என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். முப்பது நிமிடம் போனதே தெரியவில்லை. அதிலிருந்து எல்லாப் பாடத்திலும் ஒரு தாளாவது விஷுவலைசருக்குக் கீழே போகும்.

செயற்கை நுண்ணறிவை வாசிப்புப் பகுதி தயாரிக்கப் பயன்படுத்திப் பார்த்தேன். தமிழ் ஓரளவு ஒழுங்காக வருகிறது, ஊர்தான் வரவில்லை. கதையில் சிறுவன் ரேஷன் கடைக்குப் போவான், தாலுகா அலுவலகத்தில் நிற்பான். என் மாணவர்களுக்கு ஈரச்சந்தையும் உணவங்காடியும் அடுக்குமாடியின் கீழ்த்தளமும்தான் தெரியும். மாற்றி எழுதி முடிப்பதற்குள் நானே புதிதாக ஒன்று எழுதிவிடலாம். இப்போதைக்கு அதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

2026 ஜனவரி முதல் உயர்நிலை மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக்கூடாது. எனக்கு இதில் முழு மகிழ்ச்சி. பதிவு செய்யக் கற்றல் சாதனம் போதும். இடைவேளையில் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். சில மேசைகளில் தமிழும் காதில் விழுகிறது.

புதிய பள்ளிக்கு முதல் ஒப்படைப்பை இப்போதே எழுதிவைத்துவிட்டேன்: "வீட்டில் ஒரு பெரியவரிடம், அவர் சின்ன வயதில் விளையாடிய ஒரு விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள். ஒரு நிமிடம் நீங்கள் பேசுங்கள். அவர் குறுக்கே பேசினால் அழிக்க வேண்டாம்."