வீட்டுக்கும் காருக்கும் இன்சூரன்ஸ்: மன்னார்குடியிலிருந்து ஒரு விலை விவரம்

பொறுமை இல்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு பாலிசிக்கு ஐந்துக்கு நாலரை. கார் பாலிசிக்கு மூன்று. இரண்டையும் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு நாலு. போனை எடுக்கிற பழக்கம் மட்டும் அவருக்கு இருந்திருந்தால் ஐந்தே கொடுத்திருப்பேன்.

ஏஜென்ட் இருப்பது மன்னார்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடியில். அரசுத் துறை கம்பெனி ஒன்றின் பாலிசிகளை விற்கிறவர், வயது அறுபதுக்கு மேல். நான் வீட்டு வாசல் பக்க அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவருடைய கிளெய்ம் பேப்பர்கள் பாதி என் மிஷினில்தான் நகலாகும், அந்தப் பழக்கம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அதனால் வீடு, வண்டி, வரி ரசீது எல்லாம் என் பொறுப்பு.

காரை முதலில் முடித்துவிடலாம். பெட்ரோல் வண்டி, 1,197 சிசி, டிஎன் 50, வாங்கி நாலு வருஷம். கார் பிரீமியம் என்பது இரண்டு துண்டு. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு. இது இல்லாமல் ரோட்டில் போனால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 4,000. இதன் விலையை மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. என் வண்டிக்கு 3,416, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 4,031. மன்னார்குடியில் எடுத்தாலும் மதுரையில் எடுத்தாலும், எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதேதான். இதில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

2018 செப்டம்பர் முதல் புதுக் கார் வாங்கும்போதே இந்தத் துண்டை மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டார்கள், பைக்குக்கு ஐந்து வருஷம். அதனால் முதல் இரண்டு ரெனியூவலில் தொகை குறைவாகத் தெரியும், மூன்றாவதில் திடீரென்று ஏறும். "ஏஜென்ட் ஏமாத்திட்டான்" என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இதற்காகத்தான்.

இரண்டாவது துண்டு நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கு. விலை விளையாடுவது இங்கேதான். பழைய கட்டண அட்டவணையில் சென்னை, பெங்களூரு, மும்பை மாதிரி எட்டு பெருநகரங்கள் ஒரு மண்டலம், மிச்ச ஊரெல்லாம் இன்னொரு மண்டலம். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் எல்லாம் இரண்டாவதில். ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட, என் வண்டி சைஸ் காருக்குச் சென்னையில் 3.283 சதவீதம், நமக்கு 3.191. நாலு லட்சம் மதிப்புள்ள காருக்கு 13,132க்குப் பதில் 12,764, வித்தியாசம் 368 ரூபாய். ஊர்ப்பக்கம் பதிவு செய்தால் இன்சூரன்ஸ் பாதியாகும் என்று சென்னையிலிருந்து வந்து சொல்லும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2007 முதல் கம்பெனிகள் இந்த அட்டவணையைத் தாண்டித் தள்ளுபடி கொடுக்கலாம். அதனால் உண்மையான விலையைத் தீர்மானிப்பது அந்தத் தள்ளுபடியும், கிளெய்ம் பண்ணாமல் இருந்ததற்கான நோ கிளெய்ம் போனஸும்தான். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியாக 50. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் போனஸ் மொத்தமும் போச்சு.

விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஆப்பில் ஒரு கம்பெனி மற்றவர்களைவிட ஆயிரம் ரூபாய் குறைத்துக் காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் வண்டி மதிப்பை 3 லட்சத்து 20 ஆயிரமாக இறக்கியிருந்தார்கள். வண்டி திருடு போனால் கையில் வருவது அவ்வளவுதான். போதாததற்கு, உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீட்டையும் டிக் அடித்தே வைத்திருந்தார்கள். அது ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும். என் ஸ்கூட்டி பாலிசியில் ஏற்கெனவே இருக்கிறது, காருக்கு இன்னொன்று எதற்கு? அதை எடுத்துவிடச் சொல்லிக் கால் சென்டரில் பேசி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்று நட்சத்திரத்தோடு நின்றதற்கு இந்த வகை வேலைகள்தான் காரணம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது தண்ணீர் பற்றி. வெள்ளத்தில் கார் மூழ்கினால் சாதாரண பாலிசி சீட், வயர் எல்லாவற்றுக்கும் பணம் தரும். ஆனால் தண்ணீர் ஏறிய இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அது பிடித்துக்கொண்டால், அதைப் பின்விளைவு என்று சொல்லிக் கைவிரித்துவிடுவார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு அதுதான் நடந்தது. இன்ஜின் செலவு முழுக்க அவன் தலையில். இதற்கென்றே இன்ஜின் புரொடெக்ஷன் என்று ஒரு துணைக் காப்பீடு இருக்கிறது. எனக்கு அது எழுநூற்றுச் சொச்சம் ரூபாய்தான் ஆனது. ஆப்பில் விலையைக் குறைத்துக் காட்ட முதலில் கழற்றி வைப்பதும் இதைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியாத ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடாதீர்கள் என்பது ஏஜென்ட்டின் கொள்கை. என் பம்பர் உடைந்தபோது மாற்ற 6,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் போயிரும்மா, மூவாயிரம். அதுல ஆயிரம் நீ கட்டாயம் போடணும். ரெண்டாயிரத்துக்காகப் போனஸை விட்டுராதே" என்று என் கடையில் கிடந்த பேப்பரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஜீரோ டெப்ரிசியேஷன் என்ற துணைக் காப்பீட்டை எடுத்திருந்தால் அந்தத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ஆனாலும் போனஸ் போகும்.

சரி, வீட்டுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச இருக்கிறது. ஏனென்றால் டெல்டாவில் காருக்கு இன்சூரன்ஸ் போடாதவர் அபூர்வம், வீட்டுக்குப் போட்டவர் அதைவிட அபூர்வம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் பறக்காத ஓடு இல்லை. கேட்டுப் பார்த்தால் பலரும் "லோன் எடுத்தப்பவே பேங்க்ல இன்சூரன்ஸ் பிடிச்சாங்களே" என்றார்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் வீட்டுக்கடன் பைலிலும் அதுதான் இருந்தது.

நான் எடுத்திருப்பது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு கம்பெனிகளும் ஒரே வாசகத்தோடு விற்க வேண்டும் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த பாலிசி. கம்பெனிக்குக் கம்பெனி விலைதான் மாறும், உள்ளே இருப்பது ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் அடங்கும். இந்த மாதிரி ஆபத்து நடந்த ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால் அதுவும் அடங்கும். வெள்ளத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போனவர்களுக்கு இது பெரிய விஷயம். மற்ற நாள் திருட்டு இதில் வராது, தனியாக எடுக்க வேண்டும்.

தொகையை எப்படிப் போடுவது? கட்டடத்தைத் திருப்பிக் கட்ட ஆகும் செலவு, அவ்வளவுதான். மனை விலையைச் சேர்க்கக் கூடாது. "மண்ணு எங்கேயும் போயிராதும்மா, அதுக்கு எதுக்குக் காசு கட்டுறே" என்றார். எங்களுடையது 1,200 சதுர அடி, அடிக்கு 2,000 என்று வைத்து 24 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். எனக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். வருஷ பிரீமியம் ஜிஎஸ்டியோடு 1,300 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. காருக்குக் கட்டும் மூன்றாம் நபர் துண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! பத்து வருஷம் வரை சேர்த்தும் எடுக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பழைய தீ விபத்துப் பாலிசிகளில், 24 லட்சம் வீட்டை 12 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், ஒரு லட்சம் சேதத்துக்கு ஐம்பதாயிரம்தான் தருவார்கள். இதில் அந்த விகிதக் கணக்கு கிடையாது. காப்பீட்டுத் தொகைக்குள் இருந்தால் சேதத்தை முழுசாகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

ஏஜென்ட் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பாரம் எழுதினார், ஆப்பில் இது நடக்காது. கொல்லையில் கீற்றுக் கொட்டகை இருப்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். கூரை வேய்ந்ததை மறைத்தால் பிற்பாடு தகராறு வரும். வாசலில் கடை இருப்பதைப் பார்த்துவிட்டு, மிஷினுக்கும் சரக்குக்கும் இந்த பாலிசி செல்லாது, சின்ன வியாபாரத்துக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா வேறே எடுக்கணும் என்று அவரே சொன்னார். எடுத்தேன். அவருக்குக் கமிஷன் வந்திருக்கும், வரட்டும்.

போன மழையில் கொல்லைத் தென்னை ஒன்று சாய்ந்து தாழ்வாரத்து ஓடுகளையும் காம்பவுண்டுச் சுவரையும் கொண்டுபோய்விட்டது. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கம்பெனியின் இலவச எண்ணில் சொல்லி கிளெய்ம் எண் வாங்கினேன். தஞ்சாவூரிலிருந்து சர்வேயர் வரும்வரை எதையும் அள்ளாதீர்கள் என்றார்கள். நல்லவேளை, எல்லாப் பக்கத்திலும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். சர்வேயர் மரியாதையான ஆள், கறாரான ஆளும்கூட. செல்லரித்த இரண்டு கைமரத்தைச் சுட்டிக்காட்டி, "இது மரம் விழுந்ததாலே போகலீங்கக்கா" என்று கழித்துவிட்டார், மறுக்க முடியவில்லை. காம்பவுண்டுச் சுவர் இந்த பாலிசியில் கட்டடத்தோடு சேர்த்தி என்பதால் அதற்கும் கிடைத்தது. மேஸ்திரி கொடுத்த மதிப்பீட்டில் 38,000 ரூபாயை ஒத்துக்கொண்டார்கள். ஒன்றரை மாதம் போலக் கழித்துப் பணம் நேராகக் கணக்குக்கு வந்தது.

அரை நட்சத்திரம் குறைந்தது இடிபாடு அள்ளும் செலவில். அதற்குக் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம்தான் உச்சவரம்பு. எனக்கு 760 ரூபாய். ரம்பம் போட்டுத் துண்டாக்கி வெளியேற்றிய ஆட்களுக்கு நான் கொடுத்தது 4,000. காற்றுக்கு மரம் விழுகிற ஊர்களில் இந்த வரம்பு போதவே போதாது.

கிளெய்மை மறுத்துவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். அதற்கும் சரிவராவிட்டால் சென்னையில் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர், இருக்கிறார், கட்டணம் கிடையாது. காரைக்கால்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான்.

ஏஜென்ட்டிடம் போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குள் நேரில் போய்விடுங்கள். பழைய பாலிசி, ஆர்சி, வீட்டு வரி ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் என் கடையில் எடுத்துக்கொள்ளலாம். விழுந்த தென்னைக்கு ஏதாவது உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். வீட்டு பாலிசியில் மரத்துக்கு ஒன்றும் கிடையாதாம். தோப்பு வைத்திருக்கிறவர்கள் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி வேளாண்மைத் துறை அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்றார்.