18,500 ராண்ட் போய்விட்டது: ஜோகன்னஸ்பர்க்கில் எட்டாம் வகுப்புக்குப் பள்ளி தேடுகிறவர்கள் படியுங்கள்

மகளின் எட்டாம் வகுப்புக்காக நாங்கள் பணம் கட்டிய தனியார் பள்ளியிலிருந்து நேற்று மதியம் மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது, இனி இது பற்றி எழுத வேண்டாம். 18,500 ராண்ட். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறினால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இன்றே எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. வடக்குப் பகுதியில், அலுவலக வளாகம் ஒன்றுக்குள் நடக்கும் சின்னத் தனியார் பள்ளி என்பது மட்டும் போதும்.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. மிட்ராண்டில் வாடகை வீடு. மகள் டிசம்பரில் ஏழாம் வகுப்பை முடித்தாள். நம் ஊரில் ஆறு முதல் எட்டு வரை நடுநிலை என்று ஒரே இடத்தில் ஓடிவிடும். இங்கே ஏழோடு தொடக்கப் பள்ளி முடிந்து, எட்டாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டும். கௌடெங் மாகாண அரசுப் பள்ளிகளுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். போன வருடம் ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை நடந்தது. மூன்று பள்ளி போட்டோம். அக்டோபரில் ஒரு இடம் வந்தது, வீட்டிலிருந்து 11 கிலோமீட்டர். ஏழு நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்தான் தயங்கினேன். வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். ஆப்பிரிக்கான்ஸ் மொழிப் பாடம் வேறு. என் பெண் அந்தப் பாடத்துக்காக ஒரு வருடம் அழுதிருக்கிறாள். அந்த ஏழு நாளில்தான் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பள்ளியின் விளம்பரம் வந்தது. வகுப்புக்குப் பதினைந்து பேர் மட்டும், எட்டாம் வகுப்பில் சில இடங்கள் பாக்கி.

போய்ப் பார்த்தோம். சேர்க்கை அறையில் இருந்த பெண்மணி நெற்றியில் பொட்டோடு எழுந்து நின்று "வணக்கம் அக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். டர்பன் நகரத்துக்காரர். தமிழ் நாலைந்து வார்த்தைதான் வரும், மற்றதெல்லாம் ஆங்கிலம். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, கடைசி வரை வீட்டில் தமிழ்தான் பேசினார்களாம். தைப்பூசத்துக்கு மெல்ரோஸ் கோயிலில் அவர் தம்பி காவடி எடுப்பாராம். நாங்களும் அந்தக் கோயிலுக்குத்தான் போவோம். "அப்படியென்றால் நாம் ஒரே குடும்பம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஆப்பிரிக்கான்ஸ் வேண்டாம் கண்ணு, இங்கே அதற்குப் பதிலாகத் தமிழே எடுக்கலாம்" என்றார். என் மகள் சிரித்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அது பொய். பிறகு விசாரித்தால், இங்கே இரண்டு அரசு மொழிகள் பொதுவாகப் படித்தாக வேண்டும், தமிழ் எடுத்தால் அவற்றோடு சேர்த்து எடுப்பதுதான்.

சுவரில் பள்ளியின் அரசுப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். நான் பார்த்தேன். கிட்டே போய்ப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால்தான் இடம் நிற்கும் என்றார். பதிவுக் கட்டணம் 3,500, இடத்தை உறுதி செய்ய 15,000. என் கணவர் அங்கேயே போனில் அனுப்பினார். அதோடு அந்தப் பெண்மணி இன்னொன்றும் சொன்னார்: "அரசுப் பள்ளி இடத்தை விட்டுவிடுங்கள் அக்கா, ஒரு பிள்ளை பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் சிக்கல் வரும்." விட்டுவிட்டோம். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பு என்று ஒரு வகுப்பே இல்லை. ஆறு பிள்ளைகளை ஏழாம் வகுப்பு அறையின் பின்வரிசையில் உட்கார வைத்து ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர் ஏழாம் வகுப்புக்குத்தான் பாடம் நடத்தினார். இரண்டாவது வாரம் இன்னொரு தாய் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: இந்தப் பள்ளிக்கு ஏழு வரைக்கும்தான் பதிவு. ஓடிப்போய் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் படித்தேன். ஏழு வரை என்றுதான் எழுதியிருந்தது. அக்டோபரிலும் அதுதான் எழுதியிருந்தது.

அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கணக்குப் பார்ப்பவர் லீவில் இருக்கிறார், 20-ம் தேதிக்கு மேல் கூப்பிடுங்கள். 20-ம் தேதிக்கு மேல் கூப்பிட்டால் முதல்வர் மீட்டிங்கில் இருக்கிறார். எழுத்தில் அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினேன். வேறு முகவரிக்கு அனுப்புங்கள் என்றார்கள், அதற்கும் அனுப்பினேன். "அக்கா" என்று கூப்பிட்ட பெண்மணிக்கு வாட்ஸ்அப்பில் பதினொரு செய்தி. எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். முன் அனுமதி இல்லாமல் விட முடியாது என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பெண்மணி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

அப்புறம் யாரோ புதிதாக ஒருவர் பேசினார். எட்டாம் வகுப்புக்கான பதிவு நடந்துகொண்டிருக்கிறது, ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் பணம் திரும்பாது என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். இல்லாத வகுப்புக்கு வாங்கிய 18,500 ராண்டுக்கு நான்காம் பக்கமாம்! வங்கியிலும் கேட்டோம். நாமே அனுப்பிய பணம், அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள்.

மகளுக்கு மாவட்ட அலுவலகத்தில் நாலு முறை நின்று, போன திங்கட்கிழமைதான் ஒரு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. 22 கிலோமீட்டர். முதலில் வந்த இடத்தைப் போல இரண்டு மடங்கு தூரம். காலை ஐந்தே முக்காலுக்கு வேன் வருகிறது. வகுப்பில் 44 பேர். ஆனால் ஆசிரியர் இருக்கிறார், பாடம் நடக்கிறது. விட்டுப்போன பாடத்தைக் கணக்கு ஆசிரியை இடைவேளையில் அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார். நாற்பது பேர் என்று பயந்து நான் எதைத் தள்ளினேன் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அரசுப் பள்ளியா தனியாரா என்று எப்படி முடிவு செய்வது, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளி என்றால் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, எந்த வகுப்பு வரை என்று படியுங்கள். மாவட்ட அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அவர்கள் வகுப்பறையைத் திறந்து காட்டாமல் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். யார் சொன்னாலும், தமிழில் சொன்னாலும், கையிலிருக்கும் அரசு இடத்தை விடாதீர்கள். அரசுப் பள்ளி பள்ளிக் கட்டணம் தவிரப் பதிவுக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வக்கீல் இல்லாமல் நாமே கேட்கலாம். எங்களுடையது 18,500. பதினான்கு நாள் கெடு வைத்துப் பணம் கேட்டு எழுதிய கடிதத்துக்கான பதில்தான் நேற்று வந்த அந்த இரண்டு வரி. திங்கட்கிழமை போகிறோம். அந்த ஆறு பிள்ளைகளின் பெற்றோரில் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.