ஃபார்முலா 1 நேரில் பார்க்க: சிங்கப்பூரா, அபுதாபியா?

கோயமுத்தூரில் கார் பந்தயம் என்றால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்தான். அதில் ருசி கண்டவர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது குழம்புவது இந்த இரண்டில்தான்.

டிராக்: சிங்கப்பூரின் மெரினா பே 4.927 கி.மீ., 62 சுற்று. அபுதாபியின் யாஸ் மரினா 5.281 கி.மீ., 58 சுற்று.

தங்குவது: சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் அறை எடுங்க. டவுன்டவுன் லைன் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் ப்ராமனேட். இறங்கி நடந்தால் டிராக். சாப்பாட்டுக்கும் கவலையில்லை. அபுதாபி டிராக் இருக்கும் யாஸ் தீவு விமான நிலையத்துக்குப் பக்கம்; ஆனால் அபுதாபி ஊருக்குள் தங்கினால் அரை மணி நேரக் கார்ப் பயணம்.

டிக்கெட்: சிங்கப்பூரில் மலிவானது வாக்அபவுட். இருக்கை கிடையாது, வேலியோரம் முன்கூட்டியே இடம் பிடிக்கணும். டிக்கெட்டில் போட்டிருக்கும் கேட்டிலேயே நுழையுங்க. தெருக்களே டிராக் என்பதால் கேட் மாறினால் சுற்றி நடந்தே கால் ஓய்ந்துவிடும். யாஸில் மலிவுக்கு அபுதாபி ஹில், புல்மேடு. விரிப்பு கொண்டு போங்க.

வானிலை: சிங்கப்பூரில் இரவிலும் புழுக்கம். மழையும் வரும், 2022இல் பந்தயமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ரெயின்கோட் கட்டாயம். அபுதாபியில் டிசம்பர், இதமான மாலை.

குழந்தைகள், பெரியவர்களோடு போனால் அபுதாபி. காருக்கும் சுவருக்கும் நடுவே விரற்கடை இடைவெளியைப் பார்க்கணும் என்றால் சிங்கப்பூர். எங்கே போனாலும் காதடைப்பான் மறக்காதீங்க.