கென்ட்ரிக் லமாரின் ‘ஜிஎன்எக்ஸ்’: மீன் வண்டியில் ஓடிய ஆல்பம்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘ஜிஎன்எக்ஸ்’ ஆல்பம் 2024 நவம்பர் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. 12 பாட்டு, 44 நிமிடம். மண்டபத்தில் மீன் ஏற்றி ராமநாதபுரத்தில் இறக்க எனக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும் என்பதால், அப்போதிலிருந்து வண்டியில் இதுதான் ஓடுகிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் கேட்க இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் பாதிப் பாட்டு கூட இறங்கி வராது.

பெயரே ஒரு காரின் பெயர். 1987-இல் பியூக் கம்பெனி 547 மட்டுமே செய்த வண்டி. லமார் பிறந்ததும் அதே ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ராப் காரில் கேட்டு வளர்ந்த இசை. ‘ஸ்குவாபிள் அப்’, ‘ஹே நவ்’ இரண்டிலும் மேலே பெரிதாக ஒன்றும் இருக்காது, அடியில் அதிரும் பேஸ்தான் பாட்டையே இழுத்துக்கொண்டு போகும். என் கதவு ஸ்பீக்கர் சாதாரணம்தான். அதற்கே டாஷ்போர்டில் செருகிய சீட்டுகள் சரிந்து விழுகின்றன. ‘டிவி ஆஃப்’ பாதியில் தாளம் மாறி, தயாரிப்பாளர் மஸ்டர்டின் பெயரை லமார் கத்தும் இடத்தில் கூட வரும் லோடுமேன் அண்ணனும் இப்போது சேர்ந்து கத்துகிறார்.

ஆரம்பத்தில் அவர் கேட்டது வேறு: “ஏன்டா தம்பி, இவன் யாரை இப்படித் திட்டிக்கிட்டே வர்றான்?” நியாயமான கேள்வி. அந்த ஆண்டு இன்னொரு ராப்பரான டிரேக்குடன் நடந்த சண்டையின் சூடு ஆறுவதற்குள் வந்த ஆல்பம். முதல் பாட்டே, சுவரில் வரைந்திருந்த தன் ஓவியத்தை எவனோ பாழாக்கிவிட்டான் என்றுதான் தொடங்குகிறது. போஸ்டரில் சாணியடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதற்கு உரை எழுத வேண்டாம். ஆனால் ‘மேன் அட் த கார்டன்’ பாட்டில் எல்லாம் எனக்குத் தகும், தகும் என்று அவர் அடுக்குவது முதலில் மிடுக்காக இருந்து, போகப்போகத் தேர்தல் மேடைப் பேச்சாகிவிட்டது.

வழியில் உச்சிப்புளி வாக்கில் ‘ரீஇன்கார்னேட்டட்’ வரும். ஆல்பத்தின் உயிர் அது. மறைந்த ராப்பர் டூபாக்கின் பாட்டு ஒன்றின் இசைமேல் தன் முற்பிறவிகளைச் சொல்கிறார்: ஒரு கிதார்க்காரன், அப்புறம் ஹெராயினில் அழிந்த பாடகி, கடைசியில் தானே. மூன்றாம் பகுதி அப்பனோடு மகன் மல்லுக்கட்டுவது போலத் தொடங்கும். பேசுவது கடவுளும் வீழ்ந்த தேவதூதனும் என்பது மெல்லத்தான் தெரியும். பாட்டைத் தொடங்கிவைப்பவர் டெய்ரா பர்ரேரா என்ற மரியாச்சிப் பாடகி; மரியாச்சி என்பது மெக்சிகோ நாட்டு மரபிசை. எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் அந்த இழுவையில் ஒப்பாரி கேட்கிறது. மூன்று பாட்டில் வருகிறார், மூன்றிலும் கொஞ்ச நேரம்தான். இன்னும் பாட விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு போகாது, எனக்கும் ஓட்டம் குறைவு. வீட்டில் ஹெட்போனில் கேட்டபோதுதான் ஓட்டைகள் தெரிந்தன. ‘பீக்கபூ’வில் தாளத்தை எடுத்துவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை. தலைப்புப் பாட்டில் உள்ளூர் ராப்பர்கள் மூவருக்கு இடம் கொடுத்திருக்கிறார். மனசு பெரிது, பாட்டு சிறிது. மாறாக, வண்டியில் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ‘ஹார்ட் பார்ட் 6’ வீட்டில்தான் பிடிபட்டது. பழைய இசைக் கம்பெனி, கூடவே வளர்ந்த கூட்டாளிகள், அவர்களோடு சேர்ந்த குழு ஏன் தொடரவில்லை, அதில் தன் பங்கு என்ன என்று நிதானமாகப் பேசுகிறார். ‘குளோரியா’ காதலியோடு சண்டையும் சமாதானமுமாகப் போய், கடைசியில் அவள் அவருடைய பேனா என்று முடியும். கண்ணனைத் தாயாகவும் சேவகனாகவும் பாடிய பாரதியைப் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதில்லை, ஆனாலும் கூடப் பாடும் பாடகி சிஸாவின் குரல் அதற்கு வேறு நிறம் கொடுக்கிறது.

கெட்ட வார்த்தை ஏராளம், அம்மா இருக்கும்போது ஸ்பீக்கரில் போட முடியாது.

போனில் இடமில்லாமல் சிலவற்றை அழிக்க வேண்டியதாயிற்று. ‘பீக்கபூ’வும் தலைப்புப் பாட்டும் போயின. ‘டாட்ஜர் புளூ’வையும் அழிக்கப் பார்த்தேன், அண்ணன் விடவில்லை.